சுவரில் சாய்ந்திருந்த பலகை

உறைபனி விழுந்த காலையில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? இருந்தால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் "ஊட்டியில குளிரும், அது தெரியாதா" என்று தள்ளிவிடுவார்கள். குளிர் வேறு, உறைபனி வேறு. விடியும்போது புல் முழுக்க உப்பைத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். கால் வைத்தால் நறநறவென்று நொறுங்கும். முந்தின நாள் சாயங்காலம் சேறாகக் கிடந்த மண், காலையில் சிமெண்டுத் தரை போல இறுகியிருக்கும். கல்லை எறிந்தால் டங்கென்று எகிறும். பத்து மணி வெயில் பட்டதும் மறுபடி சேறுதான். அந்த மண்ணின் யோக்கியதை அவ்வளவுதான்.

எனக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. நம் வயசுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறக்காமல் நானும் போய்விட்டால் எங்கள் அம்மாவின் பேரில் விழுந்த பழி அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுத்தும் வராது, அதற்குப் பொறுமையும் கிடையாது.

எங்கள் வீடு ஊட்டி காந்தலில் இருந்தது. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட எட்டு வீடுகள், எதிரே சரிவாக ஒரு மண் திட்டு. அந்தத் திட்டில்தான் அப்பாவின் கார் நிற்கும். அப்பா டாக்சி ஓட்டினார். சொந்த வண்டி, கறுப்பு நிறம், அவரைவிட நாலைந்து வயசுதான் குறைவு. உள்ளே ஏறினால் பெட்ரோலும் யூகலிப்டஸ் தைலமும் பழைய ரெக்சினும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். டிரைவர் பக்கத்துக் கதவு லேசில் சாத்தாது. ஓங்கி அடித்தால்தான் பூட்டு விழும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா ரசத்தை அடுப்பில் ஏற்றுவாள்.

சீசன் இல்லாத மாதங்களில் வண்டி வேலையெல்லாம் அப்பாவே வீட்டில் பார்த்துக்கொள்வார். ஒர்க் ஷாப்காரன் கை பட்டால் வண்டிக்கு ஆயுசு குறையும் என்பது அவர் கட்சி. எல்லாம் தெரிந்தவர் போலத்தான் படுத்துக்கொண்டு உள்ளே போவார். ஒரு தடவை சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்து, ஜாக்கி ஏற்றியதும் வண்டி சரிவில் உருண்டு எங்கள் கோழிக்கூண்டைச் சப்பட்டையாக்கியது. கோழிகள் வெளியே மேய்ந்துகொண்டிருந்ததால் பிழைத்தன. அடுத்த தடவை நல்ல கல் கிடைக்கவில்லை என்று அம்மாவின் அம்மிக் குழவியை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அதே குழவியை வண்டியில் போட்டுக்கொண்டு எமரால்டு வரை சவாரி போய், அங்கே ரோட்டோரம் முட்டு வைத்துவிட்டு அப்படியே மறந்து வந்துவிட்டார். மூன்று நாள் எங்கள் வீட்டில் துவையல் கிடையாது. திரும்பப் போய் எடுத்து வந்தார். பிறகு ஒரு மாதம் எதை அரைத்தாலும் அதில் ஆயில் வாசம் வந்தது.

மூன்றாவது தடவை மழைக்காலம். ஜாக்கியின் கால் சேற்றில் அமுங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய, அப்பா தவளை போல எகிறித் தப்பித்தார். அதற்குப் பிறகுதான் பலகை வந்தது. மரம் அறுக்கும் இடத்திலிருந்து வாங்கி வந்த பலகை, எங்கள் பக்கம் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ், நாலு விரல் கனம். அதை மண்ணில் போட்டு, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினால் அமுங்காது. அம்மா அதற்கு 'ஜாக்கியோட மணை' என்று பெயர் வைத்தாள். மாப்பிள்ளையை உட்கார வைக்கிற மணையைப் போல அதைத் துடைத்துத் துடைத்துக் கதவோரம் வைப்பாள்.

அந்தத் தை மாதம் எனக்குப் பத்து வயசு. தம்பி தொட்டில் பிள்ளை.

பொங்கலுக்கு எங்கள் வரிசையே காலியாகிவிடும். எல்லோரும் கீழேயிருந்து பிழைக்க வந்தவர்கள்தானே. அவிநாசி, அன்னூர், சத்தியமங்கலம் என்று ஆளாளுக்கு ஒரு ஊர். ஒர்க் ஷாப்காரர்களும் இறங்கிவிடுவார்கள். எட்டு வீட்டில் ஆறு வீட்டில் பூட்டுத் தொங்கியது. கடைசி வீட்டில் சிலோன் அக்கா மட்டும் இருந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பொங்கலுக்குப் போக அவளுக்குக் கீழே ஊர் என்று ஒன்று இல்லை. நாங்கள் போகாததற்குக் காரணம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணையும் அவள் வீட்டாரையும் மேட்டுப்பாளையம் கொண்டுபோய் இறக்குவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் இரண்டு நாளாக பிரேக் சரியில்லை. மிதித்தால் பஞ்சு போல உள்ளே போனது. அதோடு குன்னூர் மலையில் இறங்குவதும் குதிப்பதும் ஒன்றுதான்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை. திட்டு முழுக்க வெள்ளை. வாளியில் வைத்த தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. அப்பா சக்கரத்துக்குக் கல் வைத்தார், இந்தத் தடவை ஒழுங்காக. ஜாக்கியை ஏற்றி முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். அதன் பக்கத்தில் பலகையும் சாய்ந்திருந்தது. நான் அப்போதுதான் அடுப்பிலிருந்து சுடுதண்ணீர்ப் போசியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பலகை ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பிரேக் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தின் பக்கம் படுத்து நட்டைத் திறந்து மூட வேண்டும். அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நெற்றிக் குங்குமத்தோடு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையோடு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தது எனக்குச் சிரிப்பாக வந்தது.

"மிதி!"

"மிதிச்சுட்டனுங்க."

"விடு!"

"உட்டுட்டனுங்க."

இரும்பு தொட முடியாத குளிரில் இருந்தது. அப்பாவின் விரல்கள் மரத்துப்போய் ஸ்பேனர் நழுவியது. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் கையைப் போசியில் முக்கி எடுப்பார். தண்ணீர் ஆறியதும் கொட்டிவிட்டு வேறு கொண்டுவருவது என் வேலை. கீழே சாக்கடையில் கொட்டச் சொல்லியிருந்தார்கள். சாக்கடைக்கு இருபது தப்படி இறங்கி ஏற வேண்டும். நான் அங்கேயே கொட்டினேன்.

சோம்பல் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பனி மேல் சூடான தண்ணீரை விட்டால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். ஆவி எழும். வெள்ளை மறைந்து கறுப்பு மண் தெரியும். அதில் படம் போடலாம். முதல் போசியில் ஒரு பூ போட்டேன். இரண்டாவதில் என் பெயரின் முதல் எழுத்து. அப்போது கால் படாத நல்ல வெள்ளை ஜாக்கியைச் சுற்றித்தான் மிச்சம் இருந்தது. மூன்றாவது தடவை ஆறும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. அப்பா கையை எடுத்ததும் ஆவி பறக்கப் பறக்க ஜாக்கியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

உள்ளே தம்பி அழுதான்.

"ஏனுங்க, புள்ளை அழுவுது. ஒரு நிமிசம் பாத்துட்டு வந்தர்றனுங்க."

"சீக்கிரம் வா."

அம்மா இறங்கினாள். கதவை ஓங்கிச் சாத்தினாள். வேறு எப்படியும் அது சாத்தாது. திட்டைக் கடந்தாள். வாசப்படியில் ஒரு காலை வைத்தாள். அதற்குப் பிறகுதான், நன்றாக நினைவிருக்கிறது, அதற்குப் பிறகுதான் ஜாக்கி மெதுவாகத் தலை சாய்ந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையை இறக்கியது போல ஒரு 'தொம்'. அப்பாவின் வலது கை சக்கரம் இருந்த இடத்து இரும்புக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது. அவர் உடனே கத்தவில்லை. முகம் மண்ணில் இருந்தது. பிறகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்து முதலில் சொன்னது இதைத்தான்:

"கதவை எதுக்குடி அப்படி அடிச்சே?"

அம்மா ஓடி வந்து பம்பரைப் பிடித்துத் தூக்கினாள். நானும் பிடித்தேன். அது எங்களைச் சட்டை செய்யவில்லை. அவள் முதுகைக் கொடுத்து முட்டினாள். கால் வழுக்கிப் பனியில் விழுந்தாள். எழுந்து மறுபடி முட்டினாள். ஜாக்கி வளைந்து காருக்கு அடியில் மாட்டியிருந்தது. "இழுக்காத, இழுக்காத" என்று அப்பா இப்போது கத்தினார். அம்மா ஒவ்வொரு வீடாக ஓடிக் கதவைத் தட்டினாள். பூட்டைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். "யாராச்சும் வாங்களே, சாமி, யாராச்சும் வாங்களே" என்று அவள் போட்ட சத்தம் எதிர் மேட்டில் பட்டுத் திரும்பி வந்தது. உள்ளே தம்பி மூச்சுக் கட்டி அழுதுகொண்டிருந்தான். அவனைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் நான் பல சாவு பார்த்துவிட்டேன். அந்தக் காலை அளவுக்கு எதுவும் என்னைக் கைவிட்டது போல இருந்ததில்லை.

சிலோன் அக்கா மண்வெட்டியோடு வந்தாள். ஒரே பார்வை பார்த்தாள்.

"தூக்க ஏலாதுக்கா. நாம மூணு பொம்பளை. மண்ணைத் தோண்டுவம். கை தன்னால வந்துரும்."

"தோண்டுனா வண்டி இன்னும் எறங்காதா?" என்றாள் அம்மா.

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். "இந்தா, இவ்வளவு தாட்டியான பலகை சும்மா சாஞ்சு கெடக்கே!" என்று போய்ப் பலகையை இழுத்து வந்து, காருக்கு அடியில் தள்ளி, கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வலியில் மூடுகிறார் என்று நினைத்தேன்.

அக்கா மண்வெட்டியைப் போட்டாள். அது டங்கென்று திரும்பியது. கை கிடந்த இடத்தில் மண் இன்னும் பாறையாக இருந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"புள்ள, சுடுதண்ணி கொண்டா. அங்க எங்க தோட்டத்து லயத்துப் பக்கமும் இப்படித்தான் பனி விழும். சுடுதண்ணி ஊத்துனா எந்த மண்ணும் களியா இளகிரும்."

நான் நகரவில்லை. ஜாக்கி நின்ற இடத்தைப் பார்த்தேன். நான் போட்ட வட்டம் அங்கே இருந்தது. வட்டத்துக்குள் மண் களியாக, பளபளவென்று, ஜாக்கியின் கால் அமுங்கிய குழியோடு இருந்தது. பத்து வயசுக்கு அது புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்தது.

"ஏன்டி நிக்கிறே! ஓடு!" என்று அம்மா அலறினாள்.

ஓடினேன். ஒவ்வொரு போசியாகக் கொண்டு வந்தேன். அக்கா பார்த்துப் பார்த்து ஊற்றினாள். விரலாலும் கரண்டியாலும் அம்மா மண்ணைச் சுரண்டினாள். நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். ஜாக்கி இருந்த இடத்தைக் காலால் மிதித்து மிதித்து என் வட்டத்தைக் கலைத்தேன். யாரும் பார்க்கவில்லை. அப்பாவின் கையை வெளியே எடுத்தபோது வெயில் திட்டுக்கு வந்துவிட்டது. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. அம்மா தன் சால்வையைச் சுற்றினாள். எமரால்டிலிருந்து கேரட் ஏற்றி வந்த ஒரு லாரியை நடு ரோட்டில் நின்று மறித்து, அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அதற்குள் திட்டு முழுவதும் சேறாகிவிட்டது. எது நான் இளக்கியது, எது வெயில் இளக்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்று விரல் போயிற்று. மிஞ்சிய இரண்டும் மடங்காது. ஸ்டியரிங் பிடிக்கிற கை அது. கார் போயிற்று. கல்யாணப் பெண் வேறு யாருடைய வண்டியிலோ இறங்கிப் போனாள்.

ஊரிலிருந்து திரும்பியவர்களும் சொந்தக்காரர்களும் வந்து விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் அப்பா அதே கதையைச் சொன்னார். "வண்டி ஜாக்கியில நிக்குது, இவ கதவை ஓங்கி அடிச்சா." அம்மா காப்பித் தம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு அத்தை அவள் காதுபடவே "புருசன் கையைத் தின்னவ" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்லீங்க, நான்தான்' என்று. சொல்லவில்லை. அடி விழும் என்று முதலில் பயம். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகு பயம்கூட இல்லை, வெறும் சௌகரியம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு வாரம் அப்பா இடது கையில் கோடாலியைப் பிடித்து அந்தப் பலகையைப் பிளந்தார். பழகாத கை. கோடாலி பாதி நேரம் மண்ணில் விழுந்தது. அரை நாள் ஆனது. ஒவ்வொரு சிம்பாகப் பொறுக்கி அடுப்பில் போட்டார். தன் விதி மேல் கோபம் என்று நான் நினைத்தேன். அம்மா அந்த நெருப்பில் சோறு வடித்தாள்.

அவள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனாள். சிலோன் அக்காதான் கூட்டிப்போய்ப் பழக்கினாள். அப்பா காய்கறி மண்டியில் வாட்ச்மேன் ஆனார். அவர் கையிலிருந்து தம்ளர் நழுவி விழும்போதெல்லாம் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார். அம்மா குனிந்து எடுப்பாள். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தம்ளர் விழுந்துகொண்டே இருந்தது.

அம்மா போன பிறகு அப்பாவைக் கோயம்புத்தூரில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எண்பது வயசு. ஒரு மத்தியானம் அவருக்குக் கை கழுவச் சுடுதண்ணீர் வைத்தேன். ஆவியைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. சொல்லிவிட்டேன். பூ, எழுத்து, வட்டம், எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவர் ரொம்ப நேரம் அந்த இரண்டு விரலைத் தண்ணீரில் அசைத்துக்கொண்டிருந்தார்.

"சுடுதண்ணி என்ன கண்ணு பண்ணும்? பலகை இருந்திருந்தா நீ ஒரு அண்டா ஊத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"பலகையா?"

"உங்கம்மா கையில எடுத்துட்டு வந்தா. 'ஏனுங்க, மணையை வெச்சுக்குங்க'ன்னா. மண்ணுதான் பாறையாட்டம் கெடக்குதே, குளிருல தொணதொணக்காதேன்னு நான்தான் கத்துனேன். அவதான் கொண்டுபோய்ச் சுவத்துல சாத்தி வெச்சா."

"அப்ப கதவு..."

"கதவுல என்ன இருக்குது? உளுந்ததும் வாயில வந்துருச்சு. ஒருக்கா சொன்னதை அப்புறம் எப்புடி மாத்துறது?"

"அம்மா ஒரு நாளும் உங்களைக் கேட்கலீங்களா? பலகை பத்தி?"

"இல்ல." தலையை ஆட்டினார். "ஒருக்காக்கூடச் சொல்லிக் காட்டல. கேட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன். இன்னிக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு இருப்பேன். அவ வேலைக்குப் போயிருப்பா. வந்தா அலுப்பா இருப்பா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. 'நாற்பது வருஷமாக அலுப்பா இருந்தாளா?' என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? நானும் அதே வீட்டில், அதே அடுப்பில் வெந்த சோற்றைத் தின்றுகொண்டுதானே இருந்தேன். தண்ணீர் ஆறிப்போனது. கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குப் பலகை நினைவிருந்திருக்கும். ஆனாலும் அத்தனை வருஷம் அத்தனை வாய் சொன்னதை அவள் நம்பத்தான் செய்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று தெரிந்தது. காந்தலிலிருந்து டாக்சி பிடித்தேன். நல்ல புது வண்டி. அவள் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பது போல மெதுவாக ஒட்டி வைத்தாள். கதவு சாத்தவில்லை. அவள் எந்தக் கதவையும் அப்படித்தான் சாத்துவாள். வயசானதால் கையில் தெம்பில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "கதவு பூட்டலீங்கம்மா. நல்லா ஓங்கி அடிச்சுச் சாத்துங்க."

"வேண்டாங்க தம்பி," என்றாள் அம்மா. "நீங்களே எறங்கி வந்து சாத்திருங்க. அதுக்கு முன்னால அடியில யாராச்சும் இருக்காங்களான்னு ஒருக்காப் பாத்துக்குங்க."

டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.